கெல்லி துரையின் கோட்டையும் மாரியம்மன் கோவிலும்

மலேசியாவுக்குச் சுற்றுலா போய் வந்தவர்கள் நம் சான்பாடாவில் இப்போது நிறையப் பேர். இரட்டைக் கோபுரம், பத்துமலை முருகன், கெந்திங் மலை என்று ஐந்தாறு நாளில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பெட்டி நிறையச் சாக்லேட்டோடு திரும்பி விடுவார்கள். கோலாலம்பூருக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, நம்மவர்கள் கட்டிக் கட்டி முடியாமல் நின்றுபோன ஒரு கோட்டை இருக்கிறது என்று அவர்களில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

சென்ற ஆண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு குடும்பத்தோடு ஈப்போ போயிருந்தோம். என் மாமா மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவள் கணவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தாத்தா பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரத்தை அங்குள்ள நம்மவர்கள் பால்மரம் என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாம் நாள் காலை, பசியாறிக்கொண்டிருக்கும்போது அவர், "இங்க பத்து காஜா பக்கம் ஒரு பேய்க் கோட்டை இருக்கும்மா, போவோமா?" என்று கேட்டார்.

"பேயைப் பார்க்கவா இந்த வயசுல விமானம் ஏறி வந்தேன்?" என்றார் அம்மா.

"கட்டினது நம்ம ஆளுங்கம்மா. பக்கத்துலயே அவங்க கட்டின மாரியம்மன் கோவிலும் இருக்கு."

அம்மா எழுந்து புடவை மாற்றப் போய்விட்டார். காரணம் உண்டு. அம்மாவுடைய தாத்தாவின் தம்பி ஒருவர், மன்னார்குடி பக்கத்திலிருந்து நாகப்பட்டினம் போய்க் கப்பலேறியவர். முதல் யுத்தத்துக்கு முன்பா பின்பா என்று கூடச் சொல்ல இன்று வீட்டில் ஆள் இல்லை. கொத்து வேலைக்குப் போனார் என்று ஒரு பக்கம், பால்மரம் வெட்டப் போனார் என்று ஒரு பக்கம். இரண்டு தடவை மணியார்டர் வந்ததாம். ஒரு கடிதத்தில் 'ஈப்போ' என்ற சொல் இருந்ததாம். அப்புறம் ஒன்றுமில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அம்மா ஈப்போ வரவே சம்மதித்திருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

ஸ்காட்லாந்துக் கோபுரமும் சென்னைச் சுண்ணாம்பும்

ஈப்போவிலிருந்து காரில் அரை மணி நேரப் பயணம். பத்து காஜா என்றால் மலாய் மொழியில் யானைக்கல் என்று பொருள். கோப்பெங் போகும் சாலையில், ராயா என்ற சிற்றாற்றைக் கடந்தால் கோட்டை. குன்றின் மேல் என்று எழுதுகிறேனே தவிர, அது நம் பார்சிக் குன்றில் பாதி கூட இருக்காது. ஆனால் சுற்றிலும் தாழ்ந்த நிலம், தோட்டம். அதனால் தூரத்திலிருந்தே தலை தெரிகிறது.

முதலில் கண்ணில் படுவது சதுரமான ஒரு கோபுரம். ஸ்காட்லாந்தின் பழைய கோட்டைகளில் இருப்பது போன்ற கோபுரம். அதை ஒட்டி வரிசை வரிசையாக அராபியப் பாணி வளைவுகள் கொண்ட தாழ்வாரம். ஒரு பக்கம் வழவழவென்று பூசி முடித்த சுவர். இன்னொரு பக்கம் பூச்சே இல்லாமல் சிவப்புச் செங்கல் அப்படியே நிற்கிறது. ஜன்னல் இருக்க வேண்டிய இடங்களில் வானம். உள்ளே படி ஏறிப் போனால் ஓர் அறை முழுமையாக இருக்கும். அடுத்த அறைக்கு வாசல் மட்டும் இருக்கும். நிலவறையில் மது வைக்கும் கிடங்கு. மேலே மொட்டை மாடி. ஓர் இடத்தில் தரையிலிருந்து உச்சி வரை கிணறு போல ஒரு காலிக் கூண்டு. அது லிஃப்டுக்கு விட்ட இடம்! அந்த லிஃப்ட் மட்டும் வந்து பொருத்தப்பட்டிருந்தால் மலாயாவிலேயே முதல் லிஃப்ட் அதுவாகத்தான் இருந்திருக்கும் என்கிறார்கள். லிஃப்ட் நின்றுபோய் நாலு மாடி ஏற நேர்ந்தால் சொசைட்டி செயலாளரைத் திட்டும் நமக்கு, நூறு வருடமாக வராத லிஃப்டைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

அம்மா சுவரை விரலால் தடவிப் பார்த்தார். "சுண்ணாம்புடா. நம்ம ஊர்ப் பூச்சு" என்றார்.

சென்னை மாகாணத்துக் கொத்தனார்களின் சுண்ணாம்பு வேலை அந்தக் காலத்தில் கடல் கடந்தும் பேர் பெற்றிருந்தது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு ஆற வைப்பார்கள். மணல் சேர்த்து, மாடு கட்டிய சாந்துச் செக்கில் நாள் கணக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் விடுவார்கள். கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக் கருவும் சேரும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் முகம் பார்க்கலாம் என்பார்களே, அது இந்தக் கைதான். வளைவு கட்டுவதும் லேசான வேலையல்ல. கீழே மரச்சாரம் கொடுத்து, இரண்டு பக்கமிருந்தும் கல் கல்லாக அடுக்கி, உச்சிக் கல்லை வைத்துச் சாரத்தை உருவ வேண்டும். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கற்கள் தாமே நிற்கும். கணக்கு ஒரு விரற்கடை பிசகினால் சாரத்தோடு எல்லாம் கீழே வரும். நூறு வருடம் கூரையில்லாமல் மழையில் நனைந்த பிறகும் அந்த வளைவுகள் நிற்கின்றன.

நம் பம்பாய்க்காரர்கள் இந்தக் கட்டடத்தின் காலத்தை மனத்தில் நிறுத்திக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அடிக்கல் நாட்டியது 1913-இல். கட்டி முடித்தது 1924-இல். கெல்லி துரை இந்தக் கோட்டையைத் தொடங்கியது 1915-இல். வேலை நின்றது 1926-இல். ஈப்போ ரயில் நிலையமும் இதே காலத்துக் கட்டடம், 1917. குவிமாடம், வளைவு, கோபுரம் என்று கிழக்கையும் மேற்கையும் ஒன்றாகக் குழைத்துக் கட்டுவது அந்த நாளைய வெள்ளைக்காரர்களின் மோகம். ஆனால் அவையெல்லாம் சர்க்கார் செலவு. இங்கே ஒரு தனி மனிதர் தன் குடும்பத்துக்காக, காட்டுக்கு நடுவில், கைக்காசைப் போட்டுக் கட்டினார்.

யார் இந்தக் கெல்லி?

முழுப் பெயர் வில்லியம் கெல்லி ஸ்மித். 1870-இல் ஸ்காட்லாந்தில் கெல்லாஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். 20 வயதில், 1890-இல், மலாயாவுக்கு வந்தார். நம் பிள்ளைகள் துபாய்க்குப் போன வயது! அல்மா பேக்கர் என்ற நிலஅளவை ஒப்பந்தக்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். பேராக் மாநிலத்தில் காடழித்துச் சாலை போடும் ஒப்பந்தங்கள் அந்த நிறுவனத்திடம் இருந்தன. அதில் கையில் சேர்ந்த பணத்தைக் கொண்டு கிந்தா மாவட்டத்தில் சுமார் 1,000 ஏக்கர் காட்டை வாங்கினார். பால்மரம் நட்டார். தோட்டத்துக்குக் 'கிந்தா கெல்லாஸ்' என்று தன் ஊர்ப் பெயரையே வைத்தார்.

அவருடைய நேரம் அப்படி. மோட்டார் கார் பெருகி, டயருக்காக உலகமே ரப்பரைத் தேடிய காலம். 1910-இல் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. போதாக்குறைக்குக் கிந்தா பள்ளத்தாக்கின் மண்ணுக்குக் கீழே வெள்ளீயம். துரை அதிலும் இறங்கினார். மேலே பால், கீழே ஈயம். கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது என்று சொல்ல வேண்டும்.

ஊருக்குப் போய் ஆக்னஸ் என்ற பெண்ணை மணந்து 1903-இல் அழைத்து வந்தார். மறுவருடம் ஹெலன் என்ற பெண் குழந்தை. அப்புறம் பதினோரு வருடம் குழந்தை இல்லை. 1915-இல் ஆண்டனி என்ற மகன் பிறந்தான். முன்பே கட்டிக் குடியிருந்த பெரிய வீடு அதன் பிறகு அவருக்குச் சிறியதாகத் தோன்றிவிட்டது. அந்தப் பழைய வீட்டின் சிதிலம் கோட்டைக்குப் பின்னால் இன்றும் இருக்கிறது. அதுவே நம் கணக்குக்கு மாளிகைதான். அதன் முன்னால், ஆறு மாடிக் கோபுரம், லிஃப்ட், வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆடும் இடம், மாடியில் விருந்து வைக்கத் திறந்த முற்றம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார். செங்கல்லும் சலவைக்கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. ஆட்களும் அப்படியே வந்தார்கள். சென்னைப் பக்கமிருந்து 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்பது அங்கே எல்லோரும் சொல்லும் கணக்கு.

எழுபது பேர்

இந்த எழுபது பேரைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலத்தில் நம்மவர்கள் மலாயாவுக்குப் போன வழிகள் இரண்டு. முதலாவது சஞ்சிக்கூலி. ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்தால் காலம் முடியும் வரை முதலாளியை விட்டு நகர முடியாது. மலாயாவில் இந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. இரண்டாவது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவரே கங்காணியாகி ஊருக்கு வருவார். உறவு, பக்கத்து ஊர் என்று ஆள் சேர்த்து அழைத்துப் போவார். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும் வரை பல லட்சம் பேர் இப்படிப் போனார்கள். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறினால் ஏறக்குறைய ஒரு வாரக் கடல். பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் என்ற தீவில் இறக்கி, தொற்று நோய் இல்லையென்று பார்த்த பிறகுதான் ஊருக்குள் விடுவார்கள்.

கெல்லி துரையின் எழுபது பேர் சாதாரணத் தோட்டக் கூலிகள் அல்லர். கொத்து, சுதை, தச்சு தெரிந்த கைகள். கூலி கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஆனால் கடலும் தீவும் எல்லோருக்கும் ஒன்றுதான். காலையில் சாந்து அரைத்து, வெயிலில் சாரம் ஏறி, தாங்கள் பார்த்தேயிராத ஸ்காட்லாந்துக் கோபுரத்தைத் தங்களுக்குத் தெரிந்த சுண்ணாம்பில் எழுப்பினார்கள். துரை படம் போட்டுக் காட்டியிருப்பார். இவர்கள் தங்கள் கைக்கணக்கில் அதை நிறுத்தினார்கள். கோட்டையில் ஹெலன் அறை இது, துரையின் அறை அது என்று காட்டுகிறார்கள். கட்டியவர்களின் பெயர் ஒன்றாவது எங்காவது பொறித்திருக்கிறதா என்று அம்மா அறை அறையாகத் தேடினார். எங்கள் கண்ணில் ஒன்றும் படவில்லை.

பிறகு 1918 வந்தது.

ஸ்பானிஷ் காய்ச்சல் என்று வரலாற்றில் பெயர் பெற்ற அந்த விஷக்காய்ச்சலை இந்தியாவில் பம்பாய்க் காய்ச்சல் என்றே பலர் சொன்னார்கள். 1918 ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தில் காவல் பார்த்த சிப்பாய்களிடம்தான் அது இங்கே முதலில் தென்பட்டது. இந்தியாவில் மட்டும் இறந்தவர்கள், குறைந்தபட்ச மதிப்பீட்டின்படியே, ஒரு கோடியே இருபது லட்சம் பேர். கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு அந்த நாள்களை இப்போது கொஞ்சம் கற்பனை செய்ய முடிகிறது. மருந்து இல்லை, ஊசி இல்லை, பிராணவாயு இல்லை. அதே ஆண்டு மலாயாவின் தோட்டங்களிலும் அந்தக் காய்ச்சல் புகுந்தது. ஒரே லயத்தில் நெருக்கியடித்துக்கொண்டு படுக்கிறவர்கள்; ஒருவருக்கு வந்தால் வரிசைக்கே வரும். கிந்தா கெல்லாஸில் கோட்டை வேலை செய்த நம்மவர்களில் பலர் மாண்டார்கள். வேலை நின்றது.

மீதமிருந்தவர்கள் துரையிடம் போய்க் கேட்டது கூலி உயர்வு அல்ல. மாரியம்மனுக்கு ஒரு கோவில். அம்மை, கொள்ளை நோய் என்றால் ஊரில் யாரிடம் போவார்களோ அவளிடமே இங்கேயும் போக வேண்டும், அதற்கு அவள் இங்கே இருக்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. மாட்டுங்காவில் ஆஸ்திக சமாஜமும் செம்பூர் சேடா நகரில் முருகன் கோவிலும் ஏன் எழுந்தன என்று நம் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வேலை கிடைத்து, படுக்க இடம் கிடைத்ததும் தமிழன் அடுத்துத் தேடுவது இதைத்தான்.

துரை சம்மதித்தார். தன் கோட்டை பாதியில் நிற்க, இடமும் பணமும் கொடுத்தார் என்கிறார்கள். கோட்டையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் தோட்டத்துக்குள் கோவில் எழுந்தது. இதில் பக்தி எவ்வளவு, வேலை திரும்ப நடக்க வேண்டும் என்ற கணக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. முதலாளி முதலாளிதான். ஆனாலும் கேட்டதும் கொடுத்தவர் என்று அந்த மக்கள் நினைத்தார்கள். அதற்கு அவர்கள் செய்த கைம்மாறு கோவிலிலேயே இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மர்மங்கள்

கோட்டை வேலை மறுபடி தொடங்கியது. 1926-இல் துரை ஐரோப்பா போனார். போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு அந்த டிசம்பரில் இறந்துபோனார். வயது 56. லிஃப்ட் வாங்கத்தான் போனார் என்று ஒரு கதை உண்டு. ஆக்னஸ் அம்மையார் அப்புறம் இந்த நாட்டில் இருக்க விரும்பவில்லை. பிள்ளைகளோடு ஸ்காட்லாந்து திரும்பிவிட்டார். தோட்டமும் கோட்டையும் ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. அவர்களுக்கு வேண்டியது பால்மரம். பாதிக் கோட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? காடு வந்து மூடிக்கொண்டது.

ஆளில்லாத பெரிய கட்டடம் என்றால் பேய் வராமல் இருக்குமா? இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் துரை இரவில் உலாவுகிறார் என்பது ஒன்று. ஹெலனின் அறையில் சுருட்டை முடியோடு ஒரு சிறுமி நிற்கிறாள் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது கதை எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. ஹெலன் 1904-இல் பிறந்தவள். அப்பா இறந்தபோது அவளுக்கு 22 வயது. உயிரோடு கப்பலேறி ஊர் போனவள் இங்கே எப்படிச் சிறுமியாக நிற்க முடியும்?

சுரங்கப்பாதை விஷயம் வேறு. நிலவறையிலிருந்து ஆற்றுக்கு அடியில் போய் மாரியம்மன் கோவிலில் ஒரு பாதை முடிகிறது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். மாமா மகளின் கணவர் சிறுவயதில் கேட்ட கதையில் சுரங்கத்துக்குள் ஒரு காரே நிற்கிறது! ஒளிவான படிகளும் வெளியேறும் வழிகளும் கோட்டையில் உண்டு என்பது மட்டும் உண்மை. என் யோசனை இது: அந்த நாளைய துரைமார் வீடுகளில் வேலையாட்கள் விருந்தினர் கண்ணில் படாமல் வந்து போக வேண்டும். அதற்கென்று தனிப் படி, தனி வழி வைப்பார்கள். பம்பாய் மலபார் ஹில்லின் பழைய பங்களாக்களில் பின்புறப் படிக்கட்டைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அந்தப் படியே நாளடைவில் வாய்க்கு வாய் நீண்டு சுரங்கமாகியிருக்கும்.

சினிமாக்காரர்களும் விடவில்லை. ஜோடி ஃபாஸ்டர் நடித்து 1999-இல் வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்துக்குத் தாய்லாந்தில் அனுமதி கிடைக்கவில்லை. மலேசியாவில் எடுத்தார்கள். இந்தக் கோட்டையும் அதில் வருகிறது.

மொட்டை மாடியில் காற்று நன்றாக இருந்தது. என் மகன் பேய் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். அம்மா, "காய்ச்சல்ல போனவங்களப் பத்தி ஒரு கதையும் சொல்லலையே" என்றார். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவங்கள எங்க புதைச்சாங்கன்னு என் தாத்தாவுக்கே தெரியாதும்மா. மேல மரம் நட்டுட்டாங்கன்னு சொல்வாரு" என்றார்.

கோபுரத்தில் ஒரு தொப்பி

மாலையில் கோவிலுக்குப் போனோம். பெரிய கோவில் அல்ல. வர்ணம் பளிச்சென்று அடித்திருந்தார்கள். தோட்டத்துக் கோவில்களுக்கே உரிய அமைதி. கூரை மேலே சுதைச் சிற்பங்களை மாப்பிள்ளை கை காட்டினார். தெய்வங்களின் வரிசையில், வெள்ளைக் கோட்டும் கால்சட்டையும், தலையில் வெயில் தொப்பியுமாக ஒருவர் நிற்கிறார். கெல்லி துரை!

"அட, இவரையும் ஏத்திட்டாங்களே!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

இதில் நம் மரபுக்கு விரோதம் ஒன்றுமில்லை. தஞ்சைப் பெரிய கோவில் விமானத்திலேயே தொப்பி வைத்த ஓர் ஐரோப்பிய முகம் இருக்கிறது. டேனிஷ்காரர் என்பவர்கள் உண்டு. மதுரை மீனாட்சிக்குத் தங்க அங்கவடி கொடுத்த கலெக்டர் ரோஸ் பீட்டரை அந்த ஊர் 'பீட்டர் பாண்டியன்' என்றே அழைத்தது. கொடுத்தவரைக் கோவிலில் நிறுத்துவது நம் வழக்கம். இங்கே இன்னொன்றையும் கவனித்தேன். இவரை வேட்டி கட்டி, திருநீறு பூசி, நம்மவராக்கி நிறுத்தவில்லை. துரையைத் துரையாகவே வைத்திருக்கிறார்கள். அவருக்காக அவர்கள் கட்டிய கோட்டையில் அவர் ஒரு நாள் கூடக் குடியிருக்கவில்லை. தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கோவிலில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். கோட்டை பாழாகிக் கிடந்த காலத்திலும் கோவிலில் பூசை நடந்திருக்கிறது. துரைக்கும் சேர்த்துத்தான் புது வர்ணம் அடிக்கிறார்கள்.

அம்மா பூசாரியிடம் அர்ச்சனைச் சீட்டு கேட்டார். தாத்தாவின் தம்பி பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

"தெரியாதுங்க."

"ஊர்ல இருக்காங்களாம்மா, இங்கயா?"

அம்மா சற்று யோசித்து, "இருந்தா நூத்திமுப்பது வயசு ஆகும்" என்றார்.

பூசாரி சிரிக்கவில்லை. "அப்ப அர்ச்சனை வேணாம்மா. விளக்கு ஒண்ணு போடுங்க. இங்க அப்படி நிறையப் பேர் வந்து போடுறாங்க" என்றார். நல்லெண்ணெய் விளக்கு ஒன்றைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அம்மா ஏற்றினார். பக்கத்தில் ஏற்கெனவே நாலைந்து எரிந்துகொண்டிருந்தன.

போக நினைப்பவர்களுக்கு

மும்பையிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் சுமார் ஐந்து மணி நேரம். அங்கே சென்ட்ரல் நிலையத்திலிருந்து ஈப்போவுக்கு மின்சார விரைவு ரயில் உண்டு. இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். முன்பதிவு செய்துகொள்வது நல்லது. அந்த ரயில்களில் சில பத்து காஜாவிலும் நிற்கும், ஆனால் அங்கே வாடகைக் கார் கிடைப்பது நிச்சயமில்லை. ஈப்போவில் இறங்கி வண்டி பேசிக்கொள்ளுங்கள். காலை வேளையே நல்லது. பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். மாடியில் ஓரங்களில் பிள்ளைகளை ஓட விடாதீர்கள். கோட்டையோடு திரும்பிவிடாமல் கோவிலுக்கும் போக வேண்டும் என்று வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பலர் சொல்வதில்லை. நேரம் இருந்தால் தஞ்சோங் துவாலாங்கில் 1938-இல் கட்டிய பிரம்மாண்டமான ஈயக்கப்பலையும் பார்க்கலாம். மிதந்துகொண்டே மண்ணை வாரி ஈயம் அரித்தெடுத்த இயந்திரம் அது. விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கிளம்புமுன் விசாரித்துக்கொள்ளவும்.

இன்னொரு விஷயம். நம் சங்கத்துக் குடும்பங்களில், பம்பாய்க்கு வருமுன்போ பின்போ ஒரு கிளை மலாயாவுக்கோ சிலோனுக்கோ பர்மாவுக்கோ போனவை பல இருக்கும். பழைய கடிதம், மணியார்டர் ரசீது, கப்பல் சீட்டு, புகைப்படம் எது இருந்தாலும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும்; ஒரு நகல் எடுத்துக்கொண்டு தந்துவிடுகிறோம். படம் யாருடையது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதி வைத்தால் நல்லது. எங்கள் வீட்டு 'ஈப்போ' கடிதம் மன்னார்குடி வீட்டை விற்றபோது எந்தப் பெட்டியோடு போனதென்று அம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.